மீன் எடைக் கணக்கு: + குறியா, கூட்டு() மெத்தடா?

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் ஏலக் கணக்கைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதிப் பழகுபவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் வரும்: ‘எடை’ கிளாஸுக்கு (எடைப் பொருட்களை உருவாக்கும் அச்சு) + குறியை நாமே வரையறுப்பதா, கூட்டு() என்று தனி மெத்தட் (கிளாஸுக்குள் பெயரிட்டு எழுதும் செயல்) வைப்பதா?

வாசிக்க
+ : நண்டு1 + நண்டு2. பார்த்ததும் புரியும்.
மெத்தட்: நண்டு1.கூட்டு(நண்டு2). நீளம்தான், ஆனால் கோப்பில் தேடினால் உடனே சிக்கும்.

எழுத
மெத்தட்: ஒன்று எழுதினால் முடிந்தது.
+ : முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு இட்ட ‘ஆட்’ (__add__, + வந்தால் பைத்தான் அழைக்கும் மெத்தட்) மட்டும் போதாது. பட்டியலைக் கூட்டும் சம்() 0-வில் தொடங்குகிறது. 0 + எடை என்று வரும்போது ‘ஆர்-ஆட்’ (__radd__, எடை + குறியின் வலப்பக்கம் இருந்தால் அழைக்கப்படுவது) இல்லாவிட்டால் டைப்-எர்ரர், அதாவது வகை பொருந்தாத பிழை. அதில் 0 வந்தால் எடையையே திருப்பிவிடுங்கள். ‘ஆட்’டில் தெரியாத வகை வந்தால் நாட்-இம்ப்ளிமென்டட் (NotImplemented, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் மதிப்பு) திருப்ப வேண்டும். அப்போதுதான் பைத்தான் வலப்பக்கப் பொருளிடம் கேட்கும். பழைய எடையைத் திருத்தாமல் புதிய பொருளைத் தருவது மிக முக்கியம்.

+ போலவே == (இரண்டும் சமமா என்று பார்க்கும் குறி) வரையறுக்கும்போதும் கவனம்: ‘ஹாஷ்’ (__hash__, பொருளுக்கு ஓர் அடையாள எண் தருவது) விட்டுப்போனால் அந்தப் பொருளை செட்டில் (ஒன்றே இருமுறை வராத தொகுப்பு) போட முடியாது.

ஜாவாவில் இந்தக் கேள்வியே இல்லை, மெத்தட்தான். சி++ அனுமதிக்கும், குறிகளின் முன்னுரிமையை மட்டும் மாற்ற விடாது.

எடை, ரூபாய் போல கூட்டலுக்கு ஒரே அர்த்தம் உள்ள கணக்குக்கு + எழுதுங்கள். இறாலும் நண்டும் கலந்த கூடைக்கு வேண்டாம்: மொத்தக் கிலோ சரியாக வரும், கிலோ விலை வேறு என்பதால் ஏலத்தொகை தப்பும். அங்கே கலந்த_எடை() என்று பெயர் வைத்த மெத்தட்தான் சரி.