ஹெட்ஸ்பேஸ் பார்க்க எது நம்பகம்: ஸ்டீல் கேஜா, டேப்பா, கம்பேரட்டரா?

.308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் உருளை) முகத்திலிருந்து, சேம்பர் (தோட்டா அமரும் அறை) ஷோல்டரின் (கழுத்தை நோக்கிச் சரியும் பகுதி) விட்டம் 0.400 அங்குலமாக இருக்கும் இடம் வரையுள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ.-யின் தரப்படி அது 1.630 முதல் 1.640 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் ஆபத்து. ஃபயரிங் பின் அடித்ததும் தோட்டா முன்னால் நகரும். வெடியழுத்தத்தில் கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) முன்சுவர் சேம்பரைக் கவ்விக்கொள்ள, அடிப்பாகம் மட்டும் போல்ட் வரை பின்னால் வரும். நடுவில் பித்தளை இழுபட்டு மெலியும். ஒருநாள் அங்கேயே அறுந்து, வாயு சுடுபவரின் முகத்துப் பக்கம் சீறும்.

முதலில் ஸ்டீல் கேஜ்: தோட்டாவுக்குப் பதில் சேம்பரில் வைத்து, போல்ட் மூடுகிறதா என்று பார்க்கும் எஃகு அளவுத் துண்டு. ஃபார்ஸ்டர் கேஜ்களில் கோ (போல்ட் மூட வேண்டியது) 1.630, நோ-கோ (மூடக் கூடாதது) 1.634, ஃபீல்டு (கடைசி வரம்பு) 1.638. மற்ற கம்பெனிகளின் அளவு சற்று மாறும் என்பதால் ஒரே கம்பெனி செட்டாக வாங்குவது நல்லது. கேஜ் பொய் சொல்வதில்லை. போல்ட்டைக் கழற்றாமல் பார்த்தால்தான் முடிவு தப்பாகிறது. ஃபயரிங் பின் அசெம்பிளியை எடுத்துவிடுங்கள். ரெமிங்டன் 700 போன்றவற்றில் எஜெக்டரையும் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் பாகம்) எடுக்க வேண்டும்; அதன் ஸ்பிரிங் கேஜைத் தள்ளினால், போல்ட் எங்கே தடைபடுகிறது என்பது விரலுக்குத் தெரியாது. சேம்பரில் கரியோ எண்ணெயோ இருக்கக் கூடாது. கேஜை எக்ஸ்ட்ராக்டருக்கு (கேஸின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் கொக்கி) அடியில் செருகி, போல்ட் கைப்பிடியை ஒற்றை விரலால் இறக்குங்கள். அழுத்தாதீர்கள்: கைப்பிடியின் நெம்புபலத்துக்கு சேம்பர் ஷோல்டரில் தழும்பே விழும்.

கோ கேஜின் மேல் போல்ட் மூடி, நோ-கோ கேஜின் மேல் மூடாமல் நின்றால் சரி. நோ-கோவிலும் மூடினால் ஃபீல்டு கேஜைப் போடுங்கள். அதிலும் மூடுகிற ரைஃபிளைச் சுடக் கூடாது.

காசை மிச்சப்படுத்த, கோ கேஜின் அடியில் டேப் ஒட்டி அதையே நோ-கோவாக்குவார்கள். டேப்பின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து, மொத்தம் 0.004 வருமாறு ஒட்டினால் ஏற்கலாம். டேப் நசுங்கும் என்பதால் தீர்ப்பு கொஞ்சம் கொழகொழப்பாகத்தான் இருக்கும். ஆனால் கோ கேஜுக்குப் பதில் புதுக் கேஸில் டேப் ஒட்டுவது தவறு. தரப்படி தோட்டாவின் அளவே 1.627 முதல் 1.634 வரை இருக்கலாம். 1.627 உள்ள கேஸில் 0.004 டேப் ஒட்டினால் வருவது 1.631. குறையே இல்லாத சேம்பரும் அதன்மேல் மூடும். நல்ல ரைஃபிளைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவீர்கள். வெடிமருந்துள்ள நிஜத் தோட்டாவை வைத்துப் பார்க்கும் பேச்சே வேண்டாம்.

ஹார்னடி கம்பேரட்டர் வேறு வேலைக்கானது. 0.400 அங்குலத் துளையுள்ள புஷ்ஷிங் என்ற வளையத்தை கேலிப்பரில் மாட்டி, சுட்ட கேஸை அளப்பது. கேஜ் ‘உண்டு, இல்லை’ என்றுதான் சொல்லும். இது அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்றே சொல்லும். ரீலோடிங்கில் (சுட்ட கேஸை மறுபடி தோட்டாவாக்குவதில்) ஷோல்டரை 0.001–0.002 மட்டும் பின்தள்ள இதைவிட நல்ல கருவி இல்லை. பிரைமரை (கேஸ் அடியிலுள்ள தீமூட்டி) தட்டி எடுத்துவிட்டு அளக்க வேண்டும். இல்லையென்றால் துருத்திய பிரைமரையும் சேர்த்து அளப்பீர்கள். புஷ்ஷிங்கின் விளிம்பு மழுங்கலாக இருப்பதால் வரும் எண் ஒப்பிட மட்டுமே உதவும். கோ கேஜை வைத்து கேலிப்பரைப் பூஜ்யமாக்கிக்கொண்டால் அந்தக் குறையும் போகும். ஆனால் சுட்ட கேஸ் வேண்டுமென்றால் முதலில் சுட வேண்டுமே! முன்பின் தெரியாத பழைய ரைஃபிளுக்கு இது உதவாது. அங்கே முதலில் வாங்க வேண்டியது ஃபீல்டு கேஜ். புது பேரல் மாட்டுபவருக்கு கோவும் நோ-கோவும்.

லீ-என்ஃபீல்டின் .303 கணக்கே வேறு. விளிம்புள்ள தோட்டா என்பதால் கேஜ் அளப்பது ஷோல்டரை அல்ல, விளிம்புக்கான இடத்தை: ராணுவ அளவில் 0.064 கோ, 0.074 ஃபீல்டு. கூடியிருந்தால், நம்பர் 4 ரைஃபிளில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் ஹெட்களில் அடுத்ததை மாட்டிப் பார்க்கலாம். கேஜில் தேறிய பிறகும் கேஸ் அடியில், பித்தளை மெலிவதன் அடையாளமாக, பளபளவென்று வளையம் தெரிகிறதா? இந்தச் சேம்பர்களில் ஷோல்டருக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். போல்ட் ஹெட்டை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. ரீலோடிங்கில் கேஸ் முழுவதையும் அச்சில் அழுத்திச் சுருக்கும் ஃபுல்-லெங்த் சைஸிங்கை விட்டு, கழுத்தை மட்டும் சைஸ் செய்யுங்கள்.