அக்காவின் போனில் கேட்ட இணையதளங்கள்

நான்கு வருடம் கழித்து ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். பல் மருத்துவர், ரத்தப் பரிசோதனை, வாடகை வண்டி என்று அக்காவுக்காகச் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய. எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அக்காவுக்குப் பார்வை கிடையாது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் போட்டு, திரையில் இருப்பதைக் காதால் கேட்டுத்தான் எல்லாம் செய்வாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தளமாகத் திறந்த அந்த நாட்கள் என்னை ரொம்பவே பாதித்துவிட்டன.

முதலில் பல் மருத்துவமனை. தளம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. முகப்பு முழுக்க ஒரே பெரிய படம். முகவரி, திறந்திருக்கும் நேரம், போன் நம்பர் எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே. அக்கா விரலை வைத்ததும் போன் படித்தது: “படம். ஐஎம்ஜி இரண்டு பூஜ்யம் நான்கு ஏழு.” அடுத்து, “பட்டன். பட்டன். பட்டன்.”

“என்ன பட்டன்னு சொல்லவே மாட்டேங்குதே தம்பி” என்றாள்.

எனக்கு நம்பர் தெரிந்தது. ஆனால் தட்டினால் அழைப்பு போகவில்லை, காப்பி எடுக்கவும் முடியவில்லை. பேப்பரில் எழுதிவைத்துத்தான் போன் போட்டேன். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஆல்ட் எழுத்து என்று ஒரு வரி சேர்த்திருந்தால், பட்டன்களுக்குப் பெயர் வைத்திருந்தால், நம்பரை எழுத்தாகப் போட்டுத் தட்டினால் அழைக்கும் இணைப்பாக்கியிருந்தால், அவளே பேசியிருப்பாள்.

அதே மருத்துவமனை, பெயரைப் போட்டுத் தேடினால் வந்தது. பல் மருத்துவர் என்று தேடினால் வரவில்லை. தளத்தின் உள்ளே பார்த்தேன். எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு ‘ஹோம்’. என்ன சிகிச்சை, எந்த இடம் என்று எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. தேடுபொறி அனுப்பும் நிரலும் அக்காவின் டாக்பேக் மாதிரிதான்: பக்கத்தின் தலைப்பு, உள்தலைப்புகள், எழுத்து, இணைப்புகள், படத்தின் ஆல்ட் வரி, இவற்றை வைத்துத்தான் பக்கம் எதைப் பற்றியது என்று பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. அக்காவுக்குக் கேட்காதது அதற்கும் சரியாக எட்டுவதில்லை.

பரிசோதனை நிலையத்தில் வேறு சிக்கல். படிவத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் ‘பிறந்த தேதி’ என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் லேபிளால் பெட்டியோடு இணைக்கவில்லை. அக்காவுக்கு வெறும் பெட்டி. தேதியைத் தப்பான முறையில் போட்டதும் பெட்டியின் ஓரம் சிவப்பானது, அவ்வளவுதான். என்ன தப்பு என்று ஒரு சொல் இல்லை. வெயிலில் நின்று பார்த்தபோது எனக்கே அந்தத் தளத்தைப் படிக்க முடியவில்லை, வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்று, இணையதளங்கள் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வழிகாட்டும் டபிள்யூசிஏஜி விதிகள் 2008-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2023-இல் வந்த 2.2 பதிப்பு, தட்டும் இடம் பொதுவாக 24-க்கு 24 பிக்சலாவது இருக்கட்டும் என்கிறது. இதெல்லாம் பெரிய செலவு வைக்கும் வேலைகளே இல்லை.

என் மனதை ரொம்ப வருத்தியது ஒரு பயண நிறுவனத்தின் தமிழ்ப் பக்கம். கண்ணுக்கு நல்ல தமிழ்தான். ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் புரியும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடு இல்லை, ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவத்தில் காட்டும் பழைய பாமினி எழுத்துரு. அதில் ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். டாக்பேக்கும் அதைத்தான் படிக்கும். தமிழில் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் எப்படிக் கிடைக்கும்? இவ்வளவு அக்கறையாகத் தமிழில் எழுதியும், போய்ச்சேர வேண்டியவரிடம் போய்ச்சேரவில்லையே என்று ஆதங்கமாக இருந்தது.

வாடகை வண்டிக்காரர் ஒருவரின் தளம் மட்டும் நன்றாக இருந்தது. மூன்றே பக்கம். என்ன வண்டி, எத்தனை பேர் உட்காரலாம், எப்போது கூப்பிடலாம், எல்லாம் எழுத்தில். தலைப்புகளை முறையாகத் தலைப்பாகவே போட்டிருந்ததால் அக்கா தலைப்பு தலைப்பாகத் தாவிப் போய் நம்பரைத் தட்டிவிட்டாள்.

பல் மருத்துவமனைக்கு இரண்டாம் முறை போனபோது கதவு பூட்டியிருந்தது. இணைய வரைபடத்தில் ஒரு நேரம், தளத்தின் படத்தில் இன்னொரு நேரம். மறுநாள் வரவேற்பில் இருந்த பையனிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன். தளத்தைப் பார்த்துக்கொள்வதும் அவன்தானாம். “சொல்லுங்கண்ணா, மாத்திடுறேன்” என்றான். அன்று மாலை உட்கார்ந்து நேரத்தையும் முகவரியையும் எழுத்தாக்கினோம், பட்டன்களுக்குப் பெயர் கொடுத்தோம், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தலைப்பு வைத்தோம், வரைபடத்திலும் அதே நேரத்தைப் போட்டோம். அப்புறம் தள உரிமையாளர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோலில் பக்கங்களை மறுபடி பார்க்கச் சொல்லிக் கோரிக்கை கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் போனைக் கொடுத்தேன். விரலை நகர்த்தினாள். “முன்பதிவுக்கு அழைக்க, பட்டன்” என்றது. என்னைக் கேட்காமலேயே இரண்டு முறை தட்டினாள். அந்தப் பக்கம் எடுத்ததும், “தம்பி, செவ்வாய்க்கிழமை காலையில நேரம் இருக்கா?” என்றாள்.