விஸ்பர் பீக்கனுக்கு ரிச்சி தெருவில் வாங்கியவை: எது தேறியது, எது தேறவில்லை

20 மீட்டர் (14 மெகாஹெர்ட்ஸ்) அமெச்சூர் ரேடியோ அலைவரிசையில் 200 மில்லிவாட் விஸ்பர் பீக்கன், அதாவது மிகக் குறைந்த பவரில் தானாகச் சிக்னல் அனுப்பி, அது எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் கருவி. ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கன்ட்ரோலர் போர்டும், சிக்னலை உருவாக்கும் எஸ்ஐ5351 போர்டும் கையில் இருந்தன, நேரத்துக்கு ஒரு மாட்யூல், கரன்ட்டுக்கு ஒரு வழி, இது இரண்டும்தான் பாக்கி என்று சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன்.

விஸ்பரில் இரட்டைப்படை நிமிடம் பிறந்த 1 வினாடியில் சிக்னல் கிளம்பி 110.6 வினாடி ஓட வேண்டும். ஒன்றிரண்டு வினாடி தள்ளினால் தப்பிக்கலாம், அதற்கு மேல் போனால் காற்றோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் டிஎஸ்3231 ஆர்டிசி, நேரம் காட்டும் கடிகார சிப். 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு), அதாவது ஒரு நாளைக்கு 0.17 வினாடிதான் பிசகும் என்று கணக்குப் போட்டு வாங்கினேன், எட்டே நாளில் 3 வினாடி பின்தங்கிவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிப்பில் பெயருக்குப் பின்னால் ஒரு 'எம்'. அது 5 பிபிஎம் ரகம்! கடைக்காரரிடம் கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். ஒன்றில்லை, கடையிலேயே எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, அந்த நீல போர்டில் சார்ஜிங் சர்க்யூட் உண்டு, அதில் சார்ஜ் செய்ய முடியாத சாதாரண சிஆர்2032 பட்டன் செல்லை அப்படியே போடக்கூடாது. டயோடு பக்கத்து ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுப் போடவும்.

அடுத்து நியோ-6எம் ஜிபிஎஸ். மொட்டை மாடியில் வைத்த ஒரு நிமிடத்துக்குள் ஃபிக்ஸ் (சாட்டிலைட் பிடிப்பு) கிடைத்தது, பால்கனி கிரில்லுக்குள் வைத்தால் வரவே இல்லை. நேரத்தைவிட இதன் பெரிய உபகாரம் 1பிபிஎஸ், அதாவது வினாடிக்கு ஒன்றாக வரும் துல்லியமான துடிப்பு, அதை வைத்து எஸ்ஐ5351-இன் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் சரிபார்க்கலாம். மே மாத வெயிலில் கிரிஸ்டல் 10 பிபிஎம் ஓடினாலே 14 மெகாஹெர்ட்ஸில் 140 ஹெர்ட்ஸ், விஸ்பருக்கு இருப்பதே 200 ஹெர்ட்ஸ் ஜன்னல். (தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தேன், பாதித் தொல்லை தீர்ந்தது.) குறை ஒன்றே ஒன்று, விடாமல் 45 மில்லியாம்ப் குடிக்கிறது. அதனால் இப்போது ஜிபிஎஸ்ஸை ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் எழுப்பி ஆர்டிசியைத் திருத்திவிட்டு அணைக்கிறேன். எழுப்பியதும் வரும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். ஜிபிஎஸ் நேரம் யுடிசியைவிட (உலகப் பொது நேரம்) 18 வினாடி முன்னால் ஓடுகிறது, அந்தத் திருத்தம் சாட்டிலைட்டிலிருந்து வந்து சேர 12.5 நிமிடம்வரை ஆகலாம்.

கரன்ட் கதைதான் கூத்து. போன் பவர் பேங்க் போட்டேன். ஜிபிஎஸ் ஓடும்வரை விழித்திருந்தது, அதை அணைத்ததும் லோடு போதவில்லை என்று தானும் தூங்கிவிட்டது. சரி என்று 12 வோல்ட் பேட்டரியோடு வோல்டேஜைக் குறைக்கும் மலிவான பக் கன்வர்ட்டர் ஒன்றை மாட்டினால் பக்கத்து ரிசீவரில் ஒரே இரைச்சல். கடைசியில் பழைய 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டர்தான், சின்ன ஹீட்சிங்க்கோடு. சிக்னல் போகும்போது 150 மில்லியாம்ப், சும்மா இருக்கும்போது 50. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி, பாதிக்குக் கீழே இறக்காமல், இரண்டு நாள் தாங்குகிறது. மூன்றாம் மாடியிலிருந்து அதைச் சுமந்து இறக்குவதுதான் பாடு, அடுத்த முறை சோலார் பேனல் விலை கேட்டு வர வேண்டும்.