7 கிலோவுக்குள் ஐரோப்பா: டிராலியா, முதுகுப்பையா?

எகானமி வகுப்பில் கேபின் பைக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தருவது 7 கிலோ, லுஃப்தான்சா 8. நான்கு சக்கர டிராலி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ வரும். 40 லிட்டர் முதுகுப்பை ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோதான். மிச்சமாகும் எடையில் ஒரு ஜீன்ஸும் நாலு டீஷர்ட்டும் அடங்கும்.

லிஸ்பன், பிராக் பழைய நகரங்களில் கல் பாவிய தெருக்கள். சின்னச் சக்கரம் இடுக்கில் மாட்டி, திருகி, கடைசியில் கையில் தூக்கத்தான் வேண்டும். ஆனால் இடுப்புப் பட்டை இல்லாத முதுகுப்பையை வாங்காதீர்கள். மொத்தப் பாரமும் தோளில் இறங்கி கழுத்து பிடித்துக்கொள்ளும். கனமான பொருள் முதுகை ஒட்டி, நடுவில் இருக்கட்டும்.

அள்ளித் திணிக்கிறவர்களுக்கு டிராலியில் ஒரு நன்மை உண்டு: கடின ஓடு உப்பாது. முதுகுப்பை உப்பி, லுஃப்தான்சாவின் 23 செ.மீ. தடிமன் வரம்பைத் தாண்டிவிடும். காற்றை வெளியேற்றித் துணியை அமுக்கும் வாக்யூம் பை இதற்கு உதவும், ஆனால் எடை ஒரு கிராம்கூடக் குறையாது. அதில் ஏமாந்துதான் பலர் கவுன்டரில் பணம் கட்டுகிறார்கள்.

முதுகுவலிக்காரர்களும் ஒரே ஹோட்டலில் தங்குபவர்களும் டிராலி எடுக்கலாம். ஊர் ஊராக ரயில் ஏறுபவர்களுக்கு முதுகுப்பைதான். எதுவானாலும் கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள்.