ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட்: சென்னை வீட்டுக்கு இந்த சிபாப் மிஷின் எப்படி?

சென்னையில் தூக்க மூச்சடைப்புக்கு சிபாப் (மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்து வைக்கும் மிஷின்) எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது பெரும்பாலும் ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட்தான். அடுத்த மாடலான ஏர்சென்ஸ் 11 வந்துவிட்டாலும் வாடகைக்கும் விலைக்கும் இதுவே அதிகம் கண்ணில் படுகிறது. நல்ல மிஷின். சத்தம் குறைவு, திரை எளிது, உழைக்கும். ஆனாலும் வாங்கிய வீடுகள் பலவற்றில் இது இரண்டு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம் மிஷின் இல்லை. தொழிற்சாலை அமைப்பை மாற்றாமல் கொடுப்பது, அளவு பார்க்காத மாஸ்க், குழாய்த் தண்ணீர் ஆகிய மூன்றும்தான். அதனால் இந்த விமர்சனத்தில் மிஷினைவிட அந்த மூன்றைப் பற்றியே அதிகம் இருக்கும்.

முதலில், இது யாருக்கு வேண்டும்? குறட்டை விடும் எல்லோருக்கும் வேண்டாம். தூக்கத்தில் தொண்டைக் குழாய் சுருங்கி, மூச்சு 10 நொடியாவது நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அது ஒரு நிகழ்வு. மணிக்கு எத்தனை நிகழ்வு என்பதே ஏ.எச்.ஐ. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. பகலில் கண் சொருகுவது, காலையில் தலைவலி, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், பக்கத்தில் படுத்திருப்பவர் "மூச்சே நின்னுடுது" என்று சொல்வது: இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் பரிசோதனைக்குப் போகலாம். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் கூடும். ஒல்லியானவர்களுக்கு வராது என்று நினைக்க வேண்டாம். கீழ்த்தாடை சிறுத்துப் பின்வாங்கி இருந்தால் எடை சரியாக இருந்தும் வரும்.

பரிசோதனையை வீட்டிலேயே செய்து கொள்ளலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. செய்யலாம். மூக்கில் ஒரு சிறு குழாய், நெஞ்சில் ஒரு பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப், அவ்வளவுதான். மூச்சடைப்பு இருக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு இது போதும். ஆனால் அந்தக் கருவி மூளை அலைகளைப் பார்ப்பதில்லை. நீங்கள் உண்மையில் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று அதற்குத் தெரியாது. மொத்தப் பதிவு நேரத்தால்தான் வகுக்கும். விழித்துக் கிடந்த நேரமும் கணக்கில் சேர்வதால் எண் உள்ளதைவிடக் குறைவாக வரும். அதனால், அறிகுறி பலமாக இருந்தும் வீட்டுப் பரிசோதனை "ஒன்றுமில்லை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல் மருத்துவமனை ஆய்வகத்தில் ஓர் இரவு முழுப் பதிவு எடுங்கள். இதயச் செயலிழப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும், வலிக்காக ஓபியாய்டு (மார்ஃபின் வகை) மாத்திரை எடுப்பவர்களும் நேராக ஆய்வகத்துக்கே போவது நல்லது. வீட்டுப் பரிசோதனை செய்த கையோடு அதே ஆள் மிஷினையும் விற்க வந்தால், மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். தானாக அச்சாகி வரும் தாள் போதாது.

இனி மிஷின். காற்றழுத்தத்தை 4 முதல் 20 வரை (சென்டிமீட்டர் நீர் என்ற அலகில்), மூச்சுக்கு மூச்சு பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கிறது. சூடாக்கி ஈரப்பதம் தரும் நீர்த் தொட்டி பக்கவாட்டிலேயே சேர்ந்திருக்கிறது. கெட்டுப் போகக்கூடிய தனி இணைப்பு கிடையாது. ஒரே ஒரு திருகு பட்டன், அதற்கு மேல் தொடங்கும் பட்டன். கண்ணாடி போடாத எழுபது வயதுக்காரரும் இருட்டில் தடவிப் பார்த்து இயக்கிவிடலாம். இந்த ஒரு விஷயத்தில், தொடுதிரை வைத்த 11-ஐவிட இதையே பெரியவர்களுக்குப் பரிந்துரைப்போம். தொண்டை அடைத்ததால் வந்த நிறுத்தத்தையும், மூளை மூச்சுக்கு உத்தரவு தராததால் வந்த நிறுத்தத்தையும் சிறு காற்றதிர்வு அனுப்பிப் பிரித்துப் பார்க்கிறது. இரண்டாவது வகைக்கு அழுத்தத்தைக் கூட்டினால் பயனில்லை, சில சமயம் கெடுதல். அதனால் இந்தப் பிரிப்பு முக்கியம்.

குறை எங்கே என்றால், பெட்டியிலிருந்து எடுத்ததும் அழுத்தம் 4 முதல் 20 என்றே இருக்கும். பல வீடுகளில் அப்படியே மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வளர்ந்த ஆளுக்கு 4 என்பது மிகக் குறைந்த காற்று. மாட்டிய உடனே மூச்சு முட்டுவது போல் இருக்கும். "எனக்கு இது ஒத்துக்கலை" என்று முதல் இரவே கழற்றிப் போடுபவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். இன்னொரு பக்கம், அடைப்பு தொடங்கிய பிறகு 4-லிருந்து தேவையான அளவுக்கு ஏற மிஷினுக்கு நேரம் பிடிக்கும். அதற்குள் பல நிகழ்வுகள் நடந்து முடிந்துவிடும். ஒன்றிரண்டு வாரம் ஓட்டியதும் பதிவை எடுத்து, 95 சதவீத நேரம் எந்த அழுத்தத்துக்குள் இருந்தது என்று பார்க்க வேண்டும். அது 10 என்று வந்தால், கீழ் எல்லை 7, மேல் எல்லை 13 என்பது போல் மருத்துவர் குறுக்கித் தருவார். மிஷின் விலையில் இந்த ஒரு சந்திப்பும் அடங்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பக்கத்தில் எஸ்.டி. கார்டு இருக்கிறது. அதைக் கணினியில் போட்டு, ஆஸ்கார் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு இரவையும் நிமிடக் கணக்கில் பார்க்கலாம். ஆனால் அதைப் பார்த்து நீங்களே அழுத்தத்தை மாற்ற வேண்டாம்.

நோயாளியே மாற்றிக் கொள்ளக்கூடியவை உண்டு. ராம்ப் என்பது குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுவது. ஆட்டோ என்று வைத்தால் நீங்கள் தூங்கியது தெரிந்த பிறகே ஏற்றும். இ.பி.ஆர். என்பது மூச்சு விடும்போது அழுத்தத்தைத் தணிப்பது. 1 முதல் 3 வரை உண்டு. காற்றை எதிர்த்து மூச்சு விடுவது போல் இருந்தால் 3-க்கு ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். வயிற்றில் காற்று நிரம்பி உப்புசம், ஏப்பம் என்று வந்தாலும் இதுவே முதல் மருந்து. அப்படியும் போகாவிட்டால் மேல் எல்லையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாஸ்க்குக்கு வருவோம். மிஷினை யாரிடம் வேண்டுமானாலும் வாங்குங்கள், மாஸ்க்கை மட்டும் முகத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஆன்லைனில் "மீடியம்" என்று போட்டு வாங்குவது வீண் செலவு. மூன்று வகை உண்டு. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துளையில் பொருந்தும் தலையணை வகை, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. வாயால் மூச்சு விடுகிறேன் என்று சொன்னதும் கடையில் மூன்றாவதைக் கொடுத்துவிடுவார்கள். அதில் கசிவும் அதிகம், பிடிக்காமல் போவதும் அதிகம். மூக்கடைப்பால்தான் வாய் திறக்கிறது என்றால் முதலில் உப்புத் தண்ணீர் கழுவலோ மருத்துவர் தரும் மூக்கு ஸ்பிரேயோ போட்டு மூக்கைச் சரி செய்து, மூக்கு மாஸ்க்கிலேயே தொடங்குவது மேல். அடர்ந்த மீசைக்காரர்களுக்குத் தலையணை வகைதான் காற்று விடாமல் நிற்கும்.

பொருத்திப் பார்க்கும் முறை: பட்டைகளைத் தளர்த்தி மாட்டி, படுத்து, மெனுவில் மாஸ்க் ஃபிட் சோதனையை ஓட விடுங்கள். காற்று வரும்போதே புரண்டு படுத்துப் பார்த்து, கசியும் பக்கத்தை மட்டும் சிறிது இறுக்குங்கள். உட்கார்ந்தபடி இறுக்கிய மாஸ்க் படுத்ததும் கசியும், ஏனென்றால் முகத் தசை இடம் மாறுகிறது. கசிந்தால் இன்னும் இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அதனால் மாஸ்க்கின் சிலிக்கான் மெத்தை மடிந்து மேலும் கசியும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். திரையில் மாஸ்க் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்றும் பாருங்கள். அது தவறினால் மிஷினின் கசிவுக் கணக்கே தவறும்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே இடிக்கும். தலைக்கு எண்ணெய், நெற்றிக்குத் தைலம் என்று தடவிப் படுத்தால் சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் பிசுபிசுத்துத் தளரும். படுக்குமுன் முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். காலையில் மெத்தைப் பகுதியை மட்டும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் வெடிப்பு விழும்.

ஓர் எச்சரிக்கை. ஏர்ஃபிட் என்20, எஃப்20 மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர், மூளை ரத்தக் குழாய் கிளிப் போன்றவை உடலில் உள்ளவர்கள் விஷயத்தில் 2023-இல் நிறுவனமே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. போடுபவருக்கு மட்டுமல்ல, அருகில் படுப்பவருக்கு அத்தகைய கருவி இருந்தாலும் இது பொருந்தும். காந்தம் இல்லாத வகை கேட்டு வாங்குங்கள்.

அடுத்து தண்ணீர். தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கத்து போர் தண்ணீரை ஊற்றினால் சில நாளிலேயே அடியில் வெள்ளையாக உப்பு படியும், சூடாக்கும் தட்டு சரியாக வேலை செய்யாது. கேன் தண்ணீர் அதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் சிறிது சிறிதாகப் படியும். பேட்டரிக் கடைத் தண்ணீர் மூச்சில் இழுப்பதற்கென்று தயாரானது அல்ல. மருந்துக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டு வாங்குங்கள். தினமும் மிச்சத்தைக் கொட்டிக் காய வையுங்கள். மழைக்கால ஈரத்தில் ஒரே நீரை விட்டு வைத்தால் வழுவழுப்பு பிடிக்கும். தொட்டியில் நீரோடு மிஷினைத் தூக்காதீர்கள். சாய்ந்தால் நீர் உள்ளே போய் மின்பலகை போகும்.

ஈரப்பதம் 1 முதல் 8 வரை வைக்கலாம். ஏ.சி. இல்லாத அறையில் சென்னைக் காற்றே ஈரம் நிறைந்தது, 1 அல்லது 2 போதும், நிறுத்தியும் வைக்கலாம். ஏ.சி. அறையில் காற்று வறண்டு தொண்டை காயும், 4-இல் தொடங்குங்கள். ஆனால் அறை குளிர்ந்திருக்கும்போது சாதாரணக் குழாயில் சூடான ஈரக் காற்று போனால், வழியிலேயே நீராகித் திரண்டு கடகடவென்று சத்தம் போடும், சில சமயம் மூக்கில் தெறிக்கும். ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள், ஏ.சி.யை 26-க்கு ஏற்றுங்கள், குழாயின் மேல் துணி உறை போடுங்கள். மிஷினைப் படுக்கை மட்டத்துக்குக் கீழே வையுங்கள். இவ்வளவுக்கும் நிற்காவிட்டால் சூடேறும் குழாய் வாங்கலாம். முதலிலேயே அதை வாங்க வேண்டியதில்லை.

கரண்ட் போனால் மூச்சு முட்டுமா? முட்டாது. முழு மாஸ்க்கில் வெளிக்காற்றை விடும் வால்வு இருக்கிறது, மூக்கு மாஸ்க்கில் வாயைத் திறந்தால் போதும். மிஷின் நின்றதும் பலர் விழித்துக் கொள்வார்கள். வீட்டு இன்வெர்ட்டரில் தாராளமாக ஓடும், அடாப்டரே 90 வாட்தான். ஃபேனோடு சேர்த்து ஓட்டினால் சூடாக்கியை நிறுத்தி வையுங்கள், பேட்டரி பல மணி நேரம் கூடுதலாக வரும். ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கையேடு. மெட்ரோ வேலை நடக்கும் தெருவிலும் பெருஞ்சாலை ஓரத்திலும் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், கறுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். கழுவிப் போடக் கூடாது.

பயன் தெரிய இரவுக்கு 4 மணி நேரமாவது போட வேண்டும். தூங்கும் நேரம் முழுவதும் போட்டால்தான் முழுப் பயன், ஏனென்றால் விடியற்காலைக் கனவுத் தூக்கத்தில்தான் அடைப்பு மோசமாகும். முதல் வாரத்தில் மாலையில் டிவி பார்க்கும்போது அரை மணி போட்டுப் பழகினால் இரவில் அச்சம் குறையும். காலையில் திரையில் ஏ.எச்.ஐ. 5-க்குக் கீழே இருக்கிறதா, மாஸ்க் சிரிக்கும் முகம் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். வாழ்நாள் முழுக்க வேண்டுமா என்றால், மிஷின் நோயைக் குணப்படுத்துவதில்லை, போடும் இரவுக்கு மட்டுமே காக்கும். எடை நன்றாகக் குறைந்தால் மறுபடி பரிசோதித்து, நிறுத்த முடியுமா என்று மருத்துவர் சொல்வார்.

தூக்கமே வராதவர்கள் இதை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். படுத்தும் கண் மூடாமல் புரள்வது வேறு நோய். அதற்கு முதல் சிகிச்சை சி.பி.டி.-ஐ என்ற பயிற்சி. எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, இருபது நிமிடம் போல வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போவது என்று அதில் விதிகள் உண்டு. மாலை ஐந்து மணி ஃபில்டர் காபியின் வீரியம் இரவு பத்துக்கும் பாதி உடலில் இருக்கும். மூச்சடைப்பு இருப்பது தெரியாமல் அல்பிரசோலம் போன்ற மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவது ஆபத்து. தொண்டைத் தசை இன்னும் தளரும், மூச்சு நின்றதும் எழுப்ப வேண்டிய மூளையும் மந்தமாகும். படுத்ததும் காலில் குறுகுறுப்பு, அசைத்தே ஆக வேண்டும் என்றால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச் சத்து இருப்பு) பாருங்கள்.

வாங்குவதா வாடகையா? ஒரு மாதம் வாடகைக்கு எடுங்கள், மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பிறகு வாங்கினால் வாடகையைக் கழித்துத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்றும், பழுதானால் மாற்று மிஷின் தருவார்களா என்றும் பார்க்க வேண்டும். மாஸ்க், குழாய், ஃபில்டர் தனித்தனி விலையா என்றும் பிரித்துக் கேளுங்கள். பழைய மிஷின் மலிவாகக் கிடைத்தால் ஓடிய மணிக் கணக்கைப் பாருங்கள், தொட்டி, குழாய், ஃபில்டர், மாஸ்க் எல்லாம் புதிதாக மாற்றுங்கள். பிலிப்ஸின் பழைய ட்ரீம்ஸ்டேஷன் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். உள்ளே சத்தம் தடுக்க வைத்த நுரை சிதைந்து துகள் மூச்சில் போகலாம் என்று 2021 ஜூனில் நிறுவனம் திரும்பப் பெற்ற வகை அது. நுரை மாற்றப்பட்டதற்கான சான்று இல்லாமல் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.