பினாங்கில் எங்கே தங்கலாம்: ஜார்ஜ்டவுனா, பத்து ஃபெரிங்கியா?

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு முதன்முறை வருபவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, பழைய நகரமான ஜார்ஜ்டவுனில் தங்குவதா, கடற்கரை ஊரான பத்து ஃபெரிங்கியில் தங்குவதா என்பதுதான். என் பதில்: ஜார்ஜ்டவுன்.

2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் இது. பழைய பகுதியை நடந்தே பார்த்துவிடலாம். காலையில் லிட்டில் இந்தியா பக்கம் தோசையும் தே தாரேக்கும் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்). அங்கிருந்து சில நிமிட நடையில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், அப்புறம் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அருகிலேயே சோற்றில் பல குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடைகள். குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிடுங்கள், அதுதான் ருசி. தைப்பூச நேரத்தில் வருகிறீர்களா? வேறு எங்கும் தங்காதீர்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாளே ரதங்கள் இந்தத் தெருக்களிலிருந்துதான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும். அறையை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

ஆனால் ஜார்ஜ்டவுனில் கடல் இருக்கிறது, குளிக்கக் கடற்கரை இல்லை. மணலில் விளையாட ஆசைப்படும் பிள்ளைகளோடு வந்தால் வடகரையில் உள்ள பத்து ஃபெரிங்கிதான் சரி. ரிசார்ட்டுகள், நீச்சல் குளம், இரவுச் சந்தை எல்லாம் உண்டு. ஜெல்லிமீன் வருவதுண்டு, கடலில் இறங்குமுன் ஓட்டலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊரையும் 101ஆம் எண் ரேபிட் பினாங்கு பஸ் இணைக்கிறது. மாலை நெரிசலில் அந்தக் கடலோரச் சாலை நகரவே நகராது. அதனால் நகரத்தில் தங்கி, காலையிலேயே கடற்கரைக்குப் போய்வருவது எளிது. மூன்று இரவு இருந்தால் இரண்டை ஜார்ஜ்டவுனுக்கும் கடைசி ஒன்றைக் கடற்கரைக்கும் வைத்துக்கொள்ளலாம்.