10, 13, 20, 23: நிமோனியா தடுப்பூசியில் எந்த எண் பெரிது?

நிமோனியா தடுப்பூசி போட நினைப்பவர்களை முதலில் குழப்புவது பெட்டியின் மேலுள்ள எண்தான். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவில் நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் எத்தனை வகைகளுக்கு எதிராக அந்த ஊசி தயாரிக்கப்பட்டது என்பதையே எண் சொல்கிறது. அப்படியானால் 13-ஐ விட 23 மேல் அல்லவா? விலையும் குறைவாயிற்றே? கடைக்கணக்கு அப்படித்தான் சொல்லும். உடல் வேறு கணக்குப் போடுகிறது.

23 வகை ஊசி 1983 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பிரித்தெடுத்து அப்படியே ஊசியில் சேர்த்திருக்கிறார்கள். வெறும் சர்க்கரையை, நம் நோய் எதிர்ப்பை வழிநடத்தும் டி செல்கள் பொருட்படுத்துவதில்லை. அவற்றின் துணையில்லாமல் பி செல்கள் கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன; கிருமியைப் பற்றிய நினைவு சரியாகப் பதிவதில்லை, சில ஆண்டுகளில் பாதுகாப்பு தேய்கிறது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளிடம் இந்த ஊசி சரியாக வேலை செய்வதே இல்லை. குழந்தைகளில் இந்தக் கிருமி அதிகம் பலிவாங்குவதோ அந்த வயதில்தான்.

13 வகை ஊசியிலும் அதே சர்க்கரைதான். ஆனால் ஒவ்வொரு சங்கிலியும் ஒரு புரதத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது; இப்படிச் செய்வதை இணைப்பு ஊசி என்பார்கள். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயை உண்டாக்கும் நச்சின் தீங்கற்ற வடிவம் அந்தப் புரதம். அதைக் கண்டதும் டி செல்கள் விழித்துக்கொள்கின்றன, நினைவு பதிகிறது. மூக்கிலும் தொண்டையிலும் கிருமி குடியேறுவதும் குறைகிறது. என் பார்வையில் இதுதான் பெரிய வித்தியாசம். 2000இல் அமெரிக்கா 7 வகை இணைப்பு ஊசியைக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய பிறகு, ஊசியே போடாத முதியவர்களிடமும் அந்த வகைகளால் வரும் தீவிர நோய் குறைந்தது. பேரனுக்குப் போட்ட ஊசி பாட்டியையும் காத்தது. 23 வகை ஊசியிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

முதியவர்களுக்கே நேரடியாகப் போட்டால்? நெதர்லாந்தில் 65 வயதைக் கடந்த சுமார் 85,000 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியாவை 13 வகை ஊசி ஏறத்தாழ 46 சதவீதம் தடுத்தது. இரத்தம் போன்ற இடங்களில் பரவும் தீவிர நோயை 75 சதவீதம். எல்லா நிமோனியாவிலும் 46 சதவீதம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். விளம்பரங்களில் இந்த இடம் எளிதாக நழுவிவிடும். 23 வகை ஊசிக்கும் தீவிர நோயைத் தடுப்பதில் சான்று உண்டு. இரத்தத்தில் பரவாத நிமோனியா என்று வரும்போதுதான் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை.

பெற்றோருக்கு வரும் சந்தேகம் வேறு: அரசு இலவசமாகப் போடுவதா, தனியார் மருத்துவமனையின் 13 வகையா? இந்திய அரசின் திட்டத்தில் நியூமோகாக்கஸ் இணைப்பு ஊசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதும் விரிந்தது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை. இத்திட்டத்தில் போடப்படும், புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் 10 வகை இணைப்பு ஊசியான நியூமோசில், 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி என்னும் தரச் சான்றைப் பெற்றது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் குழந்தைகளை அதிகம் தாக்கும் வகைகளைப் பார்த்தே அந்தப் பத்தும் தேர்ந்தெடுக்கப்பட்டன. 13 வகை ஊசியில் இருந்து இதில் இல்லாதவை 3, 4, 18சி என்று பெயரிட்ட மூன்று வகைகள்தான். அவற்றில் 3ஆம் வகைக்கு எதிராக 13 வகை ஊசியே பல ஆய்வுகளில் தடுமாறியிருக்கிறது. ஆகவே இலவசம் என்பதால் மட்டம் என்ற பேச்சில் பொருளில்லை. கையில் தாராளமாகப் பணம் இருந்தால் 13 போடுங்கள். கடன் வாங்கிப் போடும் அளவுக்கு அதில் ஒன்றும் கூடுதலாக இல்லை.

புதிதாக வந்த 20, 21 வகை இணைப்பு ஊசிகளிலும் எண் ஏமாற்றுகிறது. 2024இல் அமெரிக்கா அனுமதித்த 21, இருபதோடு ஒன்றைக் கூட்டியது அல்ல. பெரியவர்களைத் தாக்கும் வகைகளுக்காகத் தனியாக அமைக்கப்பட்டது அது. 4, 14, 19எஃப் போன்ற பழைய வகைகள் அதில் இல்லை. அலாஸ்கா போல 4ஆம் வகை பரவலாக உள்ள இடங்களில் 20-ஐத் தேர்வதே சரி.

முதியவர் ஒருவருக்கு முதல் ஊசி எது என்று கேட்டால், இணைப்பு ஊசி என்பேன். ஏற்கெனவே 23 போட்டுக்கொண்டவர் இணைப்பு ஊசிக்குப் பொதுவாக ஓராண்டு காத்திருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் பலனும் குறையக்கூடும்.